கோடாலி சிஸ்டர்

எங்கள் ஊரில் பாதை என்பது
நிலத்தில் கிடப்பதல்ல, மிதப்பது.
நாலு பீப்பாய், மேலே பலகை, ஒரு கம்பிக்கயிறு,
இழுக்க நான்.
மண்முனைத் துறையில் பதினெட்டு வருஷம்
படுவான்கரையை எழுவானுக்கும்
எழுவானைப் படுவானுக்கும் இழுத்தேன்.

பெல்ஜியத்தில் அவவுக்கு வைத்த பெயர் ஹோடலீவ்.
எங்கள் வாயில் அது கோடாலி ஆயிற்று.
"கோடாலி சிஸ்டர் வாறா" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.
அர்த்தம் தெரிந்த நாளில் சிரித்தா,
"விறகு இருக்கா?" என்று கேட்டா.

நீந்தத் தெரியாது.
பலகையில் கால் வைத்ததும் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடுவா,
அக்கரை தட்டும்வரை உதடு அசையும்.
ஜெபமா சிஸ்டர், என்றேன் ஒருநாள்.
பயம், என்றா.
பாதித் தூரத்தில், கண்ணைத் திறக்காமலே,
"ரெண்டும்தான் தம்பி.
எது எங்க முடியுதெண்டு எனக்கே தெரியாது."

அந்த ஆவணியில்
(எந்த ஆவணி என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை)
என் தம்பி பேரின்பத்தைத் துறையடியில் வைத்துப் பிடித்தார்கள்.
சாரத்து மடியில் அரைக்கிலோ சீனி.
பதினொரு நாள் முகாம் வாசலில் போய் நின்றா சிஸ்டர்.
அவ சொன்ன பெயர் அவர்களுக்கு விளங்கவில்லை,
எழுதிக் கொடுத்தா.
காவல் நின்றவன் காகிதத்தை வாங்கி மடித்து வைத்தான்.
காகிதம் திரும்பி வரவில்லை,
அவனும்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் குசினியில் வந்து குந்தினா.
அம்மா இறால் உடைத்துக்கொண்டிருந்தா.
"உங்கட ஆண்டவருக்குக் கண்ணில்லையா கா?"
பதில் இல்லை.
இறால் ஒன்றை எடுத்தா. கொம்பு விரலில் ஏறி
இரத்தம் சட்டியில் சொட்டியது.
மறுகா இன்னொன்றை எடுத்தா.
சட்டி முடியும்வரை இருவரும் பேசவில்லை.

அடுத்த வெள்ளி கையில் மலேரியாக் குளிசை.
ஆருக்கு சிஸ்டர்?
முகாமில் காவல் நிற்கிற பொடியனுக்கு.
பல்லுக் கிட்டுகிற நடுக்கமாம்.
காகிதத்தை வாங்கினவனா?
ஓம்.

கயிற்றை முளையில் கட்டினேன்.
"அவனுக்கு இந்தப் பாதை போகாது."
"எனக்கும் விருப்பமில்லை தம்பி" என்றா.
"விடிய நாலு மணியிலிருந்து முழங்காலில் நிண்டன்.
விருப்பம் வரவேயில்லை.
அதான், குளிசையை மட்டும் கொண்டு வந்தன்."

ஏற்றவில்லை.
முப்பது வருஷமாய் இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.
வெயில் சாயும்வரை நின்றுவிட்டு
ஆதம்பாவாவின் தோணியில் ஏறினா,
ஒரு ஆள் தும்மினாலே சரிகிற தோணி.
கண்ணை மூடினா. பிடிக்கக் கம்பி இல்லை,
குளிசைப் போத்தலைப் பிடித்துக்கொண்டா.

நான் சேட்டைக் கழற்றிப் பலகையில் வைத்தேன்.
கவிழ்ந்தால் பாயவேண்டுமே.
தோணி அக்கரை தட்டும்வரை
வெறும் மேலோடு நின்றேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
அவவைத் திட்டிக்கொண்டு.

அந்தப் பொடியன் பிழைத்தானாம், மாற்றலாகிப் போனானாம்.
அதற்குமேல் தெரியாது.
ஊருக்குத் திரும்பி வரச்சொல்லித் தூதரகம் எழுதிய கடிதத்தின்
உறையைக் கிழித்துத்தான் தங்கநேசத்தின் பிள்ளைக்கு
எத்தனை வேளை, எத்தனை கரண்டி என்று எழுதிக் கொடுத்தா.
உறை இன்னும் அவளிடம் இருக்கிறது.

போன மாதம் நாலு பேர் வந்தார்கள், கல் நடப்போகிறார்களாம்.
பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்றார்கள்.
கோடாலி, என்றேன்.
பேனையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது பாலம். பஸ் ஒரு நிமிஷத்தில் கடக்கிறது.
நடுவில் கை தானாக முன்சீற்றுக் கம்பிக்குப் போகும்.
கண்ணை மூடுகிறேன்.
பேரின்பம், என்று
சொல்லத் தொடங்குவதற்குள்
அக்கரை வந்துவிடுகிறது.